பித்தளை தண்ணீரில் இறுகாது
"சூடாக்கிய தோட்டா உறையின் கழுத்தைத் தண்ணீரில் முக்கினால் எஃகு போல் இறுகி விரிசல் விட்டுவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அந்த உறை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை. திடீரெனக் குளிர்வதால் அது இறுகுவதில்லை. சுடும்போது விரிந்து, பிறகு மீண்டும் பயன்படுத்துவதற்காக அச்சில் ஒடுக்கப்படும் ஒவ்வொரு முறையும்தான் கழுத்து இறுகுகிறது. அப்படி இறுகிய கழுத்து அச்சை விட்டதும் கொஞ்சம் விரிந்துகொள்ளும், ஒரு நாள் கீறல் விடும்.

அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் தினமும் பார்க்கிறேன்: பித்தளைத் துண்டை நான்கு முறை மடக்கி நிமிர்த்தினால் முரண்டு பிடிக்கும். அதையே நெருப்பில் காய்ச்சி, தண்ணீரில் போட்டெடுத்தால் விரலுக்கே வளையும்!

உறையின் கழுத்தைச் சூடாக்குவதும் இப்படி அதை இளக்கத்தான். அந்த வெப்பம் அடிப்பகுதிக்கு இறங்காமல் தடுக்கவே தண்ணீர். அடி இளகிவிட்டால் சுடும்போது எழும் அழுத்தத்தை உறை தாங்காது. சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.