ஜீன்ஸ் துணி எண்டு ஒரு துணி இல்லையப்பா!

"அண்ணை, ஜீன்ஸ் துணி வாங்கியந்திருக்கிறன், ஒரு ஜீன்ஸ் தைச்சுத் தாங்கோ." பரந்தனில இருந்து புதுக்குடியிருப்பு மட்டும் எந்தத் தையல் கடைக்குள்ள போய் நிண்டாலும் இந்தக் கதைதான். பையைத் திறந்து பாத்தா, றப்பர் மாதிரி இழுபடுற ஏதோ ஒரு துணி, மேலால நீலத்தை அச்சடிச்சு விட்டிருக்கு. வித்தவன் ஜீன்ஸ் துணியெண்டுதான் குடுத்தவனாம். அவனில என்ன பிழை? கேட்டது அப்பிடி!

ஜீன்ஸ் எண்டிறது இப்ப உடுப்பு. துணிக்குப் பேர் டெனிம். "டெனிம் இருக்கோ?" எண்டு கடையில கேக்கிறதுக்கு என்ன வில்லங்கம்?

முந்தி ஜீன் எண்டதும் துணிதான், இல்லையெண்டேல்ல. இத்தாலியில ஜெனோவாத் துறைமுகம் இருக்கு. அந்த ஊருக்குப் பிரெஞ்சுக்காரர் வைச்ச பேர்தான் இங்கிலீசுக்காரன்ர வாயில ஜீன் ஆனது. டெனிம் எண்ட பேர் பிரான்சில நீம் எண்ட நகரத்தால வந்தது. "டு நீம்" எண்டா நீமில இருந்து வந்தது எண்டு அர்த்தம். ஜீனில பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே நிறம். டெனிமில பாவு நீலம், ஊடை வெள்ளை. வித்தியாசம் பேரில மட்டுமில்லை, நூலிலயே இருக்கு.

பொக்கற் மூலை கிழியாமல் செப்பு றிவிற் (குமிழாணி) அடிக்கிற யோசனை ஜேக்கப் டேவிஸ் எண்ட தையற்காரருக்கு வந்தது. காப்புரிமை எடுக்க உதவி கேட்டு, துணி வித்த லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் போட்டார். 1873 மே 20 காப்புரிமை கிடைச்சுது. இண்டைக்கு லீவைஸ் ஜீன்ஸை உலகத்துக்கே தெரியும். தையற்காரன்ர பேர் ஆருக்குத் தெரியும்? எங்கட தொழிலின்ர தலையெழுத்து அது.

சரி, துணி வாங்கேக்க வெட்டு விளிம்பில ரெண்டு நூலை உருவிப் பாருங்கோ. நெடுக்கு நூல் நீலம், அதை முறிச்சா நடு வெள்ளையா இருக்க வேணும். இந்த நீலத்தைக் குடுக்கிற அவுரிச் சாயம் நூலின்ர மேலிலதான் பிடிக்கும், உள்ளுக்குப் போகாது. அதாலதான் முழங்கால் பக்கம் வெளுக்குது. குறுக்கு நூல் வெள்ளை. துணியின்ர மறுபக்கமும் அனேகமா வெள்ளைதான் தெரியும். இது இல்லையெண்டா துணியைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ. 60 அங்குல அகலமெண்டா நடுத்தர ஆளுக்கு ஒண்டேகால் மீற்றர் காணும்.

அடுத்த வயித்தெரிச்சல், கீழ் மடிப்பு. "நீளமாக் கிடக்கு, சும்மா ஒரு மடி மடிச்சு அடிச்சு விடுங்கோ." சும்மாவோ? உள்கால் தையலில ஏற்கெனவே நாலு படை. அதை ரெண்டு தரம் மடிச்சா மூண்டு நாலு பன்னிரண்டு படை! 11ஆம் நம்பர் ஊசி அதில "டக்" எண்டு முறியும். 16 போட வேணும், தடிச்ச துணிக்கு 18. அந்த இடத்தைச் சுத்தியலால தட்டித் தட்டையாக்கி, மெசின் பாதத்துக்குப் பின்னால மடிச்ச துணித்துண்டு ஒண்டை வைச்சுச் சமப்படுத்தி, அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட வேணும். அவசரப்பட்டா அந்த மேட்டில தையல் தாண்டும்.

புதுசைத் தோய்க்காமக் கொண்டு வந்து தந்திட்டு, ரெண்டாம் தோயலுக்குப் பிறகு "கட்டையா வெட்டிப்போட்டியள்" எண்டு சண்டைக்கு வாறது இன்னொரு கூத்து. 40 அங்குலத்தில 3 வீதம் சுருங்கினாலே ஒரு அங்குலத்துக்கு மேல போச்சு. கத்தரிக்கோலே சுருக்கினது?

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் தோயாத டெனிமைத் தூக்கிக்கொண்டு ஓடி வாற தம்பிமாருக்கு: துணி ஒரு இரவு தண்ணியில ஊற வேணும், ஒரு பகல் நிழலில காய வேணும், அதுக்குப் பிறகுதான் கத்தரி. நேரமில்லையோ? வேட்டியைக் கட்டிக்கொண்டு போங்கோ. அதுக்குக் கால் மடிச்சுத் தைக்கிற வேலையே இல்லை.