அந்த நெருப்பு எழுத்து மார்செயில் பிறந்தது

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், காந்தி வீதியில் தீப்பிடித்து எரிகிற மாதிரி ஆங்கில எழுத்து போட்ட டீசர்ட் இல்லாத கடை குறைவு. த்ராஷர் என்று எழுதியிருக்கும். அண்ணன் மகன் அதில் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி மாட்டிக்கொண்டு கடலூர் வந்தான். "சித்தப்பா, எங்க ஸ்கேட்டிங் பசங்க ஆறு பேருக்கு இதே நெருப்புல பாண்டின்னு போட்டுத் தாங்க" என்றான். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தின பிறகு சக்கரம் வைத்த பலகையோடு சுற்றுகிற பசங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்தான் என் பிழைப்பு, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் செய்ய மனசு வரவில்லை.

முதலில் அந்த எழுத்தையே தேடினேன். த்ராஷர் என்பது 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஸ்கேட்டிங் பத்திரிகை. அதன் பெயரில் இருக்கும் எழுத்துருவுக்கு பாங்கோ என்று பெயர், வரைந்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1951இல் மார்செய் நகரத்து அச்செழுத்து வார்ப்பகம் ஒன்று வெளியிட்டது. பிரான்ஸில் கடைப் பெயர்ப்பலகைகளில் அது நிறையப் புழங்கியது. 1951இல் நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தானே இருந்தது, 1954இல்தானே கைமாறியது! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு எழுத்துக்கு ஊர் உண்டு, வரைந்த கை உண்டு, நாம் சந்தையில் வாங்குவது அதன் மேல் பற்றின தீயை மட்டும்தான்.

அப்புறம் படங்கள். சான்டா குரூஸ் என்ற ஸ்கேட்டிங் பலகைக் கம்பெனிக்காக ஜிம் பிலிப்ஸ் 1985இல் வரைந்த நீலக் கையைப் பார்த்திருப்பீர்கள், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் கை. பவல் பெரால்டா என்ற இன்னொரு பலகைக் கம்பெனிக்கு வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன் 1983இல் வரைந்தது, கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் எலும்புக்கூடு. இரண்டையும் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். அந்தக் காலத்தில் பலகையிலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ரப்பர் பட்டையால் மையை இழுக்க வேண்டும். கருப்புக் கோடு ஏன் அவ்வளவு தடிமன் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குச் சட்டென்று புரியும். நிறம் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் அந்தக் கோடு மறைத்துவிடும். அதோடு, பையன் பலகையோடு எகிறும்போது படம் கண்ணில் படுவது ஒரு நொடி, அந்த நொடிக்குள் அது கை என்று தெரிய வேண்டும். பிறகு சூடு கொடுத்து ஒட்டுகிற ஃபிலிம் வந்து, எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனது, ஆனாலும் எனக்கு அந்தப் பழைய நாலைந்து நிறப் படங்கள்தான் படம்.

அண்ணன் மகனுடைய பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு அடுக்கு மேப்பிள் மரம். திண்ணை விளிம்பிலும் இரும்புக் கம்பியிலும் உரசி உரசி நடுவில் படமே இல்லை, வெறும் மரநார் தெரிகிறது. சக்கரம் பக்கத்தில் ஒரு ஓரமாக மட்டும் ஏதோ பறவையின் மூன்று விரல் மிச்சம், ஒவ்வொரு விரலுக்கும் நகம், நகத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. தேய்ந்து போகும் என்று தெரிந்தே ஒருவன் அந்தக் கீற்றைப் போட்டிருக்கிறான். அவன் பேர் பலகையில் எங்கும் இல்லை.

"அந்த ஸ்கேட்டிங் கம்பெனிக்காரங்களே காப்பிதானே அடிச்சாங்க" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். சரி, உண்மைதான். 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஸ்கேட்டிங் கடையின் சிவப்புக் கட்டமும் வெள்ளை எழுத்தும் பார்பரா குருகர் என்ற கலைஞரின் பாணியிலிருந்து வந்தது. அதையும் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனியின் சின்னத்தை எடுத்துக் கேலி செய்வது ஒரு கணக்கு, தனி ஆளின் வரைச்சலை எடுத்துவிட்டு அவர் பேரை விடுவது வேறு கணக்கு. கபடி டீமுக்கு நான் வரைந்த காளையை ஒரு கடைக்காரர் நூறு சட்டையில் அடித்து விற்றார். கேட்டதற்கு "படம்தானே அண்ணே" என்றார். மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் பசங்களிடம் சொன்னேன், தீ வேண்டாம், மண்டை ஓடும் வேண்டாம், நம்ம பக்கத்தில் தேய்கிற இடத்தில் வரைகிற ஆள் இருக்கிறார், வாங்க. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகுகளுக்குப் பேரும் படமும் எழுதுகிறவர். படகை மணலில் இழுத்து இழுத்து அவர் போட்ட பெயிண்டும் உரிந்துதான் போகிறது, வருஷா வருஷம் மறுபடி எழுதுகிறார். பசங்கள் பலகையை அவர் கையில் கொடுத்தார்கள். தட்டிப் பார்த்து, வளைவைத் தடவிப் பார்த்து, பென்சிலில் சுறா ஒன்று போட்டார், பலகையின் பின்முனை மேலே வளைகிற இடத்தில் சுறாவின் வாலும் வளைகிற மாதிரி. நான் அதைத் தொடவில்லை, அப்படியே ஸ்கிரீனுக்கு எடுத்தேன். இரண்டு நிறம். காசும் முதலிலேயே கொடுத்துவிட்டோம்.

படத்துக்குக் கீழே உங்கள் பேரைப் போடுகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்பா இனிஷியலையும் சேர்த்துப் போடுங்க, எழுத்து அவர் கத்துக்கொடுத்தது" என்றார்.