‘கவனமாக ஓட்டவும்’ என்று ரீகால் கடிதத்தில் எழுதாதீர்கள்

கனரக லாரிகளின் ஸ்டியரிங் பாகத்துக்கு வரும் ரீகால் (கோளாறுள்ள வண்டியைத் தயாரித்தவரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) கடிதங்களில் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முதல் பத்தியில், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸின் திருப்பத்தை முன் டயர் பக்கம் கொண்டு போகும் கம்பி) ஜாயின்ட் முன்னறிவிப்பு இல்லாமல் கழன்றுவிடலாம், ஸ்டியரிங் கட்டுப்பாடு முழுவதும் போய்விடலாம் என்று இருக்கும். இரண்டு பத்தி தள்ளி, மாற்றுப் பாகம் இன்னும் தயாராகவில்லை, வந்ததும் சொல்கிறோம், அதுவரை கவனமாக ஓட்டவும் என்று இருக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் கழலும் ஒன்றை எப்படி ஐயா கவனிப்பது? எதைக் கவனிப்பது?

பிரேக்குக்கு இரண்டு சர்க்யூட் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். காற்று முழுதும் இறங்கினாலும் ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அப்படி எதுவுமே கிடையாது. டிரைவர் பிடிக்கும் ஸ்டியரிங் வீல், அதைத் தாங்கும் தண்டான ஸ்டியரிங் காலம், அதைப் பாக்ஸோடு இணைக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட், ஸ்டியரிங் பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்டியரிங் ஆர்ம், இரண்டு முன் டயரையும் இணைக்கும் டை ராட். ஒற்றைச் சங்கிலி. டிராக் லிங்க் கழன்றால் வீல் கையில் சுற்றும், டயர் கேட்காது. டை ராட் எண்ட் கழன்றால் ஒரு பக்க டயர் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் பம்ப்பிலோ ஹோஸிலோ கோளாறு என்றால் வீல் இறுகும், டிரைவர் பலம் கொண்ட மட்டும் திருப்பி வண்டியை ஓரம் கட்டலாம். அதற்குக் ‘கவனமாக ஓட்டவும்’ என்றால் ஏதோ அர்த்தம் இருக்கிறது. இணைப்பே கழலும் கோளாறுக்கும் அதே வரியைப் போடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, வேறொன்றும் இல்லை.

தேய்ந்த ஜாயின்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளே (தளர்வான ஆட்டம்) காட்டும், தட்டும், வண்டி அலையும். டிரைவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஃபோர்ஜிங்கில் (அடித்து உருவாக்கிய இரும்பில்) விரிசல், அதைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்டில் கோளாறு, தொழிற்சாலையில் சரியாக இறுக்காத போல்ட், நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் போட மறந்தது இவையெல்லாம் கடைசி நிமிடம் வரை ஒரு சத்தமும் காட்டாமல் இருக்கலாம். ரீகால் வருவது பெரும்பாலும் இந்த மாதிரிக் கோளாறுக்குத்தான்.

அடுத்த வயிற்றெரிச்சல் சேஸிஸ் நம்பர். 17 எழுத்தையும் அடித்துப் பார்த்து, ‘உங்கள் வண்டி பட்டியலில் இல்லை’ என்று கவுன்ட்டரில் முடித்துவிடுகிறார்கள். முதலில் சரியாக அடித்தார்களா? அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டால் தேடல் எப்படிச் சரியாக வரும்? அதை விடுங்கள். பட்டியல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கட்டிய வண்டி என்ற கணக்கில் போடப்படுகிறது. கோளாறு இருப்பதோ பாகத்தில். ரிப்பேருக்கு வந்த ஒரு வண்டியில் அதே கெட்ட பேட்ச் டிராக் லிங்க்கைப் புதிதாகப் போட்டிருந்தால், அந்த வண்டி பட்டியலில் வராமலே போகலாம். ஸ்டோர் அலமாரியில் உறையோடு கிடக்கும் ஸ்பேருக்குச் சேஸிஸ் நம்பரே கிடையாது. அதற்கு யார் கடிதம் போடுவார்கள்? லாரி வைத்திருப்பவர்கள் கடிதத்தில் உள்ள பாக எண்ணையும் தேதிக் குறியையும் எடுத்துக்கொண்டு முதலில் தங்கள் ஸ்டோரைத் துழாவுங்கள். இரண்டாவது கைக்குப் போன வண்டியின் கடிதம் பழைய முதலாளி வீட்டுக்கே போய்ச் சேர்வதும் நடக்கிறது. யாரும் சொல்லவில்லை என்று காத்திருக்காமல், மாதம் ஒரு முறை எல்லா வண்டியின் எண்ணையும் நீங்களே தேடிப் பாருங்கள். ரீகால் வரம்பைப் பிறகு விரிவாக்குவது சாதாரணமாக நடக்கும். போன மாதம் ‘இல்லை’ என்று வந்தது இந்த மாதம் ‘உண்டு’ என்று வரலாம்.

சரி, பட்டியலில் இருக்கிறது, வண்டியைச் சர்வீஸுக்கு விட்டாயிற்று. முதல் கட்டம் பரிசோதனை. பாகத்தில் அடித்திருக்கும் தேதிக் குறியைப் படிக்க வேண்டும். அது கிரீஸும் சேறும் அப்பிய இடத்தில் இருக்கும். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைக்காமல் ஒரு எழுத்தும் தெரியாது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று டிக் போடுவது கண்துடைப்பு. துடைத்த பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள். அசைத்துப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. டயர்கள் தரையில், வண்டியின் எடை அதன் மேல், இன்ஜின் ஓட, ஒருவர் வீலை இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்ட வேண்டும், இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்க்க வேண்டும். பிறகு கையால் மட்டும் தள்ளி இழுக்க வேண்டும். கடப்பாரையோ பைப் ரென்ச்சோ போட்டு நெம்பினால் நல்ல ஜாயின்ட்டும் ஆடும், அந்த அளவுக்கு மதிப்பில்லை. கை பலத்திலேயே 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ரீகால் பட்டியலெல்லாம் வேண்டாம், அந்த வண்டி நகரக்கூடாது.

இனி மாற்றும் வேலை. நெஞ்சு கொதிப்பது இங்கேதான். ஆபத்தை நீக்க வந்த வேலையிலேயே புது ஆபத்தைப் பூட்டி அனுப்புகிறார்கள். இந்த இணைப்புகளில் இருக்கும் பால் ஜாயின்ட்டைப் பிடித்து நிற்பது அதன் டேப்பர், அதாவது கூம்பாகக் குறுகும் தண்டு. டேப்பரும் ஓட்டையும் சுத்தமாக, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்து இருக்க வேண்டும். ‘சுலபமாகக் கழலட்டும்’ என்று அதில் கிரீஸ் தடவும் கைகளை என்ன செய்வது? காஸில் நட்டை (தலையில் பள்ளங்கள் வெட்டிய நட்டு) டார்க் ரென்ச்சால் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரை இன்னும் இறுக்க வேண்டும். பின் நுழைவதற்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. தளர்த்தினால் டேப்பரின் பிடிப்பு போய்விடும், பின் வெறும் நட்டைத்தான் காக்கும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுவதும் கூடாது. ஆர்மின் ஓட்டையே முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது ஜாயின்ட்டும் சீக்கிரம் ஆடிவிடும், ஆர்மையும் மாற்ற வேண்டும். ‘அது ரீகாலில் வராது’ என்று சொல்லி அப்படியே பூட்டி அனுப்புவது குற்றம்.

இன்டர்மீடியட் ஷாஃப்ட் ரீகால் என்றால் அந்தக் கிளாம்ப் போல்ட்டில்தான் கண். யோக் (ஷாஃப்ட்டின் முனையில் மாட்டும் கவ்வி) ஸ்பிளைனில் (ஷாஃப்ட்டில் வெட்டிய பற்களில்) முழுதாக ஏறி, போல்ட் ஷாஃப்ட்டில் இருக்கும் பள்ளத்தில் குறுக்கே உட்கார வேண்டும். யோக் பாதியில் நின்றாலும் போல்ட் இறுகிக்கொள்ளும், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதிர்வில் மெல்ல நழுவி ஒரு நாள் வெளியே வரும். இறுக்கிய பிறகு ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் இழுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அதற்கும் அவசரம். ஒரு முறை மட்டும் போட வேண்டிய போல்ட் என்று தயாரிப்பவரின் சர்வீஸ் புல்லட்டினில் இருந்தால் புதுசுதான் போட வேண்டும். ஏர் கன்னால் தட்டி முடிக்கும் இடம் இது இல்லை.

நீளம் மாற்றக்கூடிய டிராக் லிங்க் என்றால் பழையதை அளக்காமல் புதியதை மாட்டிவிடுகிறார்கள். டயர் நேராக நிற்கும், ஸ்டியரிங் பாக்ஸ் நடுவில் இருக்காது. பாக்ஸின் பிடிப்பு நடுவில்தான் இறுக்கம், தள்ளிப் போனால் பிளே. வண்டி அலைகிறது என்று டிரைவர் புகார் சொன்னால் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறார்கள்! கோணல் அப்படியே பாக்ஸுக்குள் இருக்கிறது. வீலை லாக்கிலிருந்து லாக் வரை, அதாவது ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முழுதாகத் திருப்பி, கிளாம்ப் போல்ட் ஆக்ஸிலில் இடிக்கிறதா, மரை கிளாம்ப்பின் பிளவைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். டை ராடைத் தொட்டால் டோ-இன் (முன் டயர்கள் உள்பக்கம் சாயும் அளவு) பார்க்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது.

வண்டியை எடுக்கும்போது ஜாப் கார்டில் ரீகால் எண், கிலோமீட்டர், இறுக்கிய டார்க் அளவு, புதுப் பாகத்தின் தேதிக் குறி நான்கும் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தைக் கண்ணால் பாருங்கள். புதிதாக வந்ததே கெட்ட பேட்ச்சா என்பது அந்தக் குறியை வைத்துத்தான் தெரியும்.

தயாரிப்பவர்களுக்கு: பாகம் வரும் தேதியை எழுத முடியவில்லை என்றால், ‘ஓட்டாதே’ என்று தெளிவாக எழுதுங்கள். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் மாற்று வண்டியோ வாடகையோ கொடுங்கள். அந்த வார்த்தையை எழுதினால் கை விட்டுக் காசு போகும் என்றுதானே ‘கவனமாக’ என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிகிறீர்கள்? முதலாளிகளுக்கு: கடிதம் வருவது உங்கள் மேஜைக்கு, வீலைப் பிடித்திருப்பவர் டிரைவர். நகல் எடுத்து இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு இந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.