வெள்ளவத்தைக் கடற்கரைக்கு ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும்

கடற்கரைத் துப்புரவு நாட்களில் பிளாஸ்டிக் போத்தல் பொறுக்குபவர்களை நான் மதிக்கிறேன். வெயிலில் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களையும்தான். ஆனால் மணல் சுத்தமாகத் தெரிந்ததும் தண்ணீரும் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நோய் தருவது கண்ணுக்குத் தெரியாது. சாக்கில் அள்ளவும் முடியாது.

கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் ஆங்கிலேயர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டவை. அவற்றில் சேரும் மலசலக் கழிவு பல பத்தாண்டுகளாக முறையான சுத்திகரிப்பு இல்லாமலே நகரத்தின் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் விடப்பட்டு வந்திருக்கிறது. கரையிலிருந்து தள்ளி விட்டால் உப்பும் வெயிலும் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பது இதன் கணக்கு. பாதி உண்மை. மலத்தில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா வெயிலில் சீக்கிரம் மடிகிறது. வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரஸும் செங்கண்மாரி தரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸும் அப்படி எளிதில் மடிவதில்லை. தென்மேல் பருவமழைக் காலத்திலோ வெயிலும் இல்லை, காற்றும் அலையும் கரையை நோக்கியே அடிக்கின்றன.

குழாயைவிட எனக்குக் கால்வாய்கள்தான் பெரிய கவலை. குழாய் இணைப்பு இல்லாத வீட்டின் மலக்குழி நிறைந்து வழிந்தால் வடிகானுக்குப் போகும். வடிகான் கால்வாயில் விழும். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் பிள்ளைகள் கால் நனைக்கும் அதே கரையில்தான் கடலைத் தொடுகின்றன. ஒரு பெருமழை பெய்தால் நகரத்தின் அழுக்கெல்லாம் சில மணி நேரத்தில் அங்கே வந்து நிற்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுவனுக்கு வயிற்றோட்டம் வந்தபோது, என்ன சாப்பிட்டான், எந்தக் கடையில் சாப்பிட்டான் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கே குளித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்கிறேன்.

அளப்பது கடினமான காரியமும் அல்ல. கடல்நீரில் ஈ.கோலையைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதால், குளிக்கும் கடலுக்கு, மலம் கலந்திருப்பதைக் காட்டும் என்டரோகொக்கை என்ற பாக்டீரியாவை எண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 மில்லிலீட்டர் தண்ணீர், ஓர் ஆய்வுகூடம், ஏறக்குறைய ஒரு நாள்: முடிவு கையில். பாரிஸில் 2024 ஒலிம்பிக்கின்போது மழைக்குப் பிறகு சென் நதியின் தண்ணீர் மோசமானதால் நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லான் போட்டியையே ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த போட்டி அது. 1923 முதல் குளிக்கத் தடையிருந்த அந்த நதியில் 2025 ஜூலையில் பொதுமக்கள் இறங்கினார்கள். அந்த நதியைச் சுத்தப்படுத்தச் செலவான பணம் எங்களிடம் இல்லை, தெரியும். பரிசோதித்து எழுதிப் போடுவதற்குமா பணம் இல்லை?

சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயம் வேண்டும். அவை வரும்வரை மக்களை இருட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. முகத்துவாரம், காலிமுகத்திடல், வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் வாராவாரம் மாதிரி எடுத்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கரையிலேயே எழுதி வைக்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள் சிவப்புக்கொடி ஏற்ற வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்குள் வருபவரிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன், நீங்களும் கேளுங்கள். அதுவரை மழை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்குக் கால்வாய் வாய்ப்பக்கம் பிள்ளைகளை இறக்காதீர்கள். கையில் காலில் புண் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.