அங்கே பார்க்க என்ன இருந்தது?

சிங்கராஜ வனத்துக்குப் போய்வந்து மூன்று கிழமையாகிறது. ஊரில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "யானை கண்டீர்களா? சிறுத்தை?" இல்லை என்றால் உடனே அடுத்தது: "பிறகு அவ்வளவு தூரம் போய் என்னத்தைப் பார்த்தீர்கள்?" கூட வந்த அக்காவின் மகன்கூடக் காட்டோரத்து ஊரான தெனியாயவில் தேநீர் குடிக்கும்போதே, "இதற்குக் கல்லோயாவுக்குப் போயிருந்தால் யானை நீந்துவதையாவது பார்த்திருக்கலாம், மாமா" என்றான். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்களுக்குக் கல்லோயா கொல்லைப்புறம். 1954இல் தேசியப் பூங்காவானது, 25,900 ஹெக்டேயர். அங்குள்ள பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் படகேறினால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணலாம். புல்வெளிகளில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கும். திரிபலை அப்படியே மரமாக நிற்பதுபோல. ஆனால் அது வரண்ட வலயக் காடு. சிங்கராஜ வேறு சாதி. யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்த பரப்பு 8,864 ஹெக்டேயர்தான், கல்லோயாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இலங்கையின் ஆதி மழைக்காட்டில் பெரிதாக எஞ்சியிருக்கும் கடைசித் துண்டு அது. அங்குள்ள மரவகைகளில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

விடியற்புறம் இரண்டு மணிக்கு வான் பிடித்து, அம்பாறை, மொனராகலை, வெல்லவாய, எம்பிலிப்பிட்டி வழியாகத் தெனியாய போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் காலை பிட்டதெனிய வாசலால் உள்ளே நுழைந்தோம்.

முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பச்சை, அதற்கு மேல் இன்னொரு பச்சை. ஆவணி மாதம், மழை குறைவான காலம் என்றார்கள்; பத்தாவது நிமிடமே கொட்டியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மேலே மழை இரைகிறது, எங்கள் மேல் துளி விழவில்லை. உச்சி மரம், அதன் கீழ் நடுமரம், அதன் கீழ் செடிகொடி என்று நீர் படிப்படியாக இறங்கி எங்களிடம் வரவே நேரமெடுத்தது. மழை விட்ட பின்பும் காட்டுக்குள் நெடுநேரம் தூறிக்கொண்டேயிருந்தது. இலைகளின் நுனி வால்போல் நீண்டிருப்பது ஏனென்று வழிகாட்டி காட்டினார்: தண்ணீர் தங்காமல் வழிந்தோட. எங்கள் வாகையும் வீரையும் வெயிலுக்கு அஞ்சி வளர்ந்தவை. இங்கே மரம் ஈரத்தை உதறப் படாதபாடு படுகிறது.

பிறகு பறவைகள். ஒரு மணி நேரம் ஒரு குருவியைக் காணவில்லை. திடீரென்று ஒரே கூச்சல். செம்மஞ்சள் சொண்டுச் சிலம்பன்கள் கலகலத்துக்கொண்டு முன்னே வர, கரிச்சானும் இன்னும் எத்தனையோ இனங்களும் சேர்ந்து அந்தக் கூட்டத்தோடு நகர்ந்தன. ஒன்று கிளப்பும் பூச்சி இன்னொன்றுக்கு இரை. ஐந்தாறு நிமிடம், அவ்வளவுதான். காடு மறுபடி வாயை மூடிக்கொண்டது. அக்காவின் மகன் அப்போது கைபேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

எழுபது தாண்டிய என் மாமிதான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தவர். அட்டைக்கு நாங்கள் சவர்க்காரமும் உப்புமாக மல்லுக்கட்ட, அவர் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டுக் காலில் பூசிக்கொண்டு நடந்தார். (எனக்குப் பதினொரு கடி. அவருக்கு ஒன்று.) வழிகாட்டி ஒரு தடித்த கொடியைக் காட்டி "வெனிவெல்" என்றதும், "அட, மரமஞ்சள்!" என்று நின்றுவிட்டார். காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு போட்டு அவிக்கும் அந்த மஞ்சள் கட்டை இவ்வளவு உயரத்துக்கு ஏறும் கொடியென்பது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான். மிக மெதுவாக வளரும் கொடியாம், வெட்டி வெட்டியே குறைந்துபோனது. மாமி அதைத் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. "தம்பி, காட்டுக்குள்ளே சும்மா நடந்தது இதுதான் முதல் தரம்."

படுவான்கரைக்காரருக்கு இது விளங்கும். எங்களுக்குக் காடென்றால் விறகு, தேன், காணாமற்போன மாடு, யானை வெடி. அதற்கும் மேலே 1990இன் யுத்தம். அந்த வருடம் எங்கள் சனம் பற்றைக்குள் இரவுகள் கழித்தது, இருமல் வந்த பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு. பயமும் தேவையும் இல்லாமல் காட்டுக்குள் கால்வைக்க எங்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியும் புரியாணிப் பார்சலுமாகப் போய், யானை இல்லையென்று குறைபட்டுத் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று வாசலில் ஒரு கூட்டம் அப்படித்தான் நின்றது. எந்த ஊரென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை செய்ய இந்தக் காட்டின் மரங்களைத் தறித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1977இல் அது நின்றது. 2020இல் காட்டோரக் கிராமமான லங்காகமவுக்குப் போகும் வீதியை அகலமாக்கியபோது நானும் கொதித்துப்போய்ப் படங்களைப் பகிர்ந்தேன். இன்றைக்கானால் அவ்வளவு சுலபமாகப் பகிரமாட்டேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நோயாளியைப் பாதையில் ஏற்றி வாவி கடந்த ஊர்க்காரன் நான். (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே ‘பாதை’ என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவை.) வீதி கேட்பவனைக் காட்டின் எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீதிக்குப் பின்னால் காட்டோரம் விடுதி கட்ட வருகிறவனோடுதான் என் சண்டை. அந்த விடுதியைக் கிராமத்தவன் கேட்கவில்லை. அங்கே தங்குவது நம்மைப் போன்றவர்கள். நாங்களும் ஒரு விடுதியில்தான் தங்கினோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேளாண்மை வெட்டு முடிந்ததும் பங்குனியில் மறுபடி போகிறோம். மாமி இப்போதே சுண்ணாம்பு சேர்த்து வைத்திருக்கிறார். வானில் நான்கு பேருக்கு இடமுண்டு. பாட்டுப் பெட்டிக்கு இல்லை.