ஒண்ணு கூட்டக்கூட விடமாட்டேங்குதே!

2014-ல் ஜாவா மொழியின் 8-ஆம் பதிப்பு லாம்டாவையும் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) ஸ்ட்ரீமையும் (பட்டியலில் உள்ளதை வரிசையாக வடிகட்டி, மாற்றித் தரும் வசதி) கொண்டுவந்தது. அப்போது பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை.

பட்டியலில் எத்தனை ஆர்டர் பாக்கி என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். வெளியே பூஜ்ஜியத்தில் ஒரு கவுண்டரை வைத்து, ஒவ்வொரு ஆர்டராக எடுக்கும் ஃபார்ஈச்சின் லாம்டாவுக்குள் ஒன்று கூட்டினால் கம்பைலர் முறைக்கிறது. லாம்டா தொடும் லோக்கல் வேரியபிளின் மதிப்பு மாறவே கூடாதாம். உடனே நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரே ஒரு இடமுள்ள அர்ரே உருவாக்கி, அதற்குள் எண்ணை ஒளித்துவைப்பார்கள். கம்பைலரும் கண்டுகொள்ளாது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

"ஃபில்டர் போட்டு கவுண்ட் கேளுங்க, ஒரே வரி" என்பார்கள். சரி, அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் இன்னொன்றாக மாற்றித் தரும் மேப்புக்குள் ஒரு ஃபைலைப் படித்துப் பாருங்கள். ஃபைல் படிக்கையில் வரக்கூடிய பிழையை, அதாவது ஐஓ எக்ஸெப்ஷனை, அங்கேயே பிடி என்று அடம்பிடிக்கும். ட்ரை, கேட்ச், உள்ளே இன்னொரு ரன்டைம் எக்ஸெப்ஷன்... ஒரு வரி அழகு அதோடு போச்சு.

இதைவிடக் கொடுமை, இருக்கும் மதிப்பை மாற்றாமல் எழுதும் ஃபங்ஷனல் பாணிக்கு அரைகுறை மதமாற்றம். மேப்புக்குள்ளேயே மதிப்பை மாற்றும் செட்டரைக் கூப்பிட்டு அதே ஆப்ஜெக்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, "நாங்க ஃபங்ஷனலுக்கு மாறிட்டோம்" என்று ஒரு பெருமை! பழைய ஃபார் லூப்பில் இருந்தால் எங்கே மதிப்பு மாறுகிறது என்று கண்ணுக்காவது தெரியும். ஏன் சார் இப்படி என்று கேட்டால் மோனாடு என்று ஃபங்ஷனல் தத்துவத்தை ஆரம்பிக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது மோனாடு இல்லை, அந்த ஆர்டரின் ஸ்டேட்டஸை யார் மாற்றினார்கள் என்பது.