ஸ்பெயின் பாப் இசையின் கதை 1968-க்கு முன்பே தொடங்கிவிட்டது
ஸ்பானிய பாப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை 'டெஸ்பாசிட்டோ' பாட்டில் தொடங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் அது கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பாடகர்கள் பாடியது, மொழி மட்டும்தான் ஸ்பானியம். ஸ்பெயினின் சொந்தக் கதை ரொம்ப முந்தையது. 1966-லேயே லாஸ் பிராவோஸ் குழு 'பிளாக் இஸ் பிளாக்' பாடி பிரிட்டன் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனது, ஆனால் ஆங்கிலத்தில்.

அப்புறம் 1968-இல் நடந்த யூரோவிஷன், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. அந்தக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஸ்பெயின் சார்பில் ஜோன் மானுவல் செர்ராட் என்ற பாடகர்தான் முதலில் பாட இருந்தார், தன் தாய்மொழியான கத்தலானில்தான் பாடுவேன் என்று அவர் நிற்க, ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி ஒத்துக்கொள்ளவில்லை, கடைசி நேரத்தில் மஸ்ஸியெல் என்ற பாடகியை அனுப்பினார்கள். அவர் ஸ்பானியத்தில் பாடி, பிரிட்டன் பாடகர் கிளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஜெயித்தார். செர்ராட்டுக்கோ தொலைக்காட்சி, வானொலிக் கதவுகள் அடைபட்டன. தாய்மொழியில் பாட நினைத்ததற்கு இந்தத் தண்டனை என்பதை இன்று படித்தாலும் மனசு ஆறவில்லை.

1975-இல் பிராங்கோ இறந்த பிறகு மாட்ரிட்டில் இளைஞர்கள் கிளப்பிய 'மொவிதா' என்ற கலை, இசை அலை, மெக்கானோ என்ற பாப் குழு, 1996-இல் அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த 'மக்கரேனா' பாட்டு, எல்லாமே அதற்குப் பிறகு வந்தவைதான்.